குடைசாயும் கோணம்

மதுரைப் பக்கத்தில் பார வண்டி பக்கவாட்டில் விழுந்தால் "குடை சாஞ்சிருச்சு" என்பதுதான் வழக்கு. இந்தச் சொல்லை முதலில் சொன்னவர் யாரானாலும் இயந்திரவியலை உள்ளங்கையில் உணர்ந்தவர். குடைக்கு மேலே விரிந்த தலை, கீழே ஒற்றைக் காம்பு. நிமிர்த்திப் பிடித்திருக்கும்வரை தலையின் எடை தெரியாது. கொஞ்சம் சாய்ந்தால் கை இறுக வேண்டியிருக்கிறது. இன்னும் சாய்ந்தால் பிடி நழுவுகிறது. அந்த நழுவும் இடம் எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சாலையை விட்டு இறங்கிய வண்டி எத்தனை டிகிரி வரை பக்கவாட்டில் சாயலாம்?

சாலையை விட்டு இறங்கும் வண்டி என்றதும் இன்று பலருக்கும் நினைவில் வருவது பெரிய டயர் போட்ட ஜீப்புதான். விளம்பரத்தில் அது பாறை மேல் ஏறி நிற்கும். ஆனால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நாள்தோறும் தாரை விட்டு மண்ணில் இறங்குவது டிராக்டரும் அதன் பின்னால் போகும் டிரெய்லரும்தான். வாய்க்கால் கரை, கண்மாய்க் கரை, வரப்பு, ஓடைச் சரிவு எல்லாம் அவற்றின் வழி. சமவெளியில் சாய்வு ஏது என்று கேட்கத் தோன்றும். நீரைத் தேக்கியும் திருப்பியும் பயிர் செய்யும் நிலத்தில் மனிதன் கட்டிய சரிவுகள் ஏராளம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கப்பால் மேலூர் வரை ஒருபோகம் என்று பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வழியெங்கும் கரைகள்தான்.

தூக்குக்குண்டுக் கணக்கு

கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்துக்கொள்வோம். வண்டியின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அதுதான் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் குண்டு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் நிற்கும். வண்டி சாயச் சாய, அது தாழ்ந்த பக்கச் சக்கரத்தை நோக்கி நகரும். சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் குண்டு தாண்டாத வரை வண்டி விழாது. தாண்டிய கணத்தில், வண்டியைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்த அதே எடை அதைப் புரட்டத் தொடங்கும்.

ஆகவே இரண்டே அளவுகள். சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதி ஒன்று. ஈர்ப்பு மையத்தின் உயரம் இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது விழும் கோணத்தின் டேன்ஜென்ட். இரண்டும் சமமாக இருந்தால் 45 டிகிரி. அகலம் கூடினால் கோணம் கூடும், உயரம் கூடினால் குறையும். வண்டியின் மொத்த எடை இந்தக் கணக்கில் வரவே வராது. கனமான வண்டி என்பதால் அசையாது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் இந்த வகுத்தலையே அடிப்படையாக வைத்துக் கார்களுக்குக் கவிழ்வு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. தாழ்வான காருக்கு விடை 1.4 பக்கத்தில் வரும். அது ஏறத்தாழ 54 டிகிரி. உயரமான ஜீப் வகைக்கு 1.1 பக்கத்தில் வரும். அது 48 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வெறும் 6 டிகிரி வித்தியாசம்தானே என்று தோன்றும். சாலையில் நேர்ந்த கவிழ்வுகளில் அந்த 6 டிகிரி பெரிதாகவே தெரிந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. காவல்துறையும் ராணுவமும் வனத்துறையும் ஓட்டிய மாருதி ஜிப்சிக்குச் சக்கர அகலம் குறைவு. அதே சுசூகி குடும்பத்து வண்டியான சாமுராய் கூர்மையாகத் திருப்பினால் எளிதில் சாய்கிறது என்று 1988-இல் ஓர் அமெரிக்க நுகர்வோர் இதழ் எழுதியது. அதையொட்டி 1996-இல் சுசூகி தொடுத்த வழக்கு 2004-இல்தான் சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையே 1993-இல் ஜிப்சியின் சக்கர அகலம் 9 சென்டிமீட்டர் கூட்டப்பட்டு 130 சென்டிமீட்டர் ஆனது. ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்த 9 சென்டிமீட்டர் கொடுத்தது சுமார் 2 டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலரை சென்டிமீட்டர் இரும்பு விலை.

நான்கு சக்கரத்தில் ஒளிந்திருக்கும் முக்கோணம்

டிராக்டரை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கைக்கு அடங்கும் சில அளவுகளை வைத்துக்கொள்வோம். எடை 2,000 கிலோ, பின்சக்கர அகலம் 140 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 80 சென்டிமீட்டர். 70-ஐ 80-ஆல் வகுத்தால் 0.875, கோணம் 41 டிகிரி. ஜீப்பைவிடக் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை என்று தோன்றும்.

இந்த 41 பொய்க்கணக்கு. டிராக்டரின் முன்பக்கம் குனிந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். முன் அச்சு உடலோடு இறுக்கிப் பூட்டப்படவில்லை. நடுவில் ஒரே ஒரு கனத்த ஆணி. அதில் அச்சு ஊஞ்சல் பலகைபோல இருபுறமும் ஏறி இறங்கும். மேடுபள்ளமான உழவு நிலத்தில் நான்கு சக்கரமும் தரையை விடாமலிருக்க இந்த ஏற்பாடு தேவை. ஆனால் சாய்வு என்று வரும்போது முன்சக்கரங்கள் உடலைத் தாங்குவதில்லை. உடல் உட்கார்ந்திருப்பது மூன்று இடங்களில்: இரண்டு பின்சக்கரம், ஓர் ஆணி. கண்ணுக்கு நான்கு சக்கரம். சாய்வுக்கு அது மூன்று சக்கர வண்டி.

மதுரைக்காரருக்கு இதை விளக்க ஷேர் ஆட்டோ போதும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. திருப்பத்தில் பிரேக் அடித்தால் எடை முன்னால், அதாவது முக்கோணத்தின் குறுகிய முனைக்குப் போகிறது. குண்டு கோட்டைத் தாண்ட அங்கே இடம் குறைவு. பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓடும் ஆட்டோவுக்கும் வயலில் ஓடும் டிராக்டருக்கும் அடியில் இருப்பது ஒரே முக்கோணம்.

முக்கோணத்தை வைத்து மீண்டும் கணக்கிடுவோம். முன் ஆணி தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எடையில் 60 சதவீதம் பின்சக்கரங்களில் என்றால், ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து பத்தில் நான்கு பங்கு தூரம் முன்னால் நிற்கும். அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 70 இல்லை, 42. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தையும் ஆணியையும் இணைக்கும் விழும் கோடு ஆணியை நோக்கி ஏறுவதால் அங்கே அது தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஈர்ப்பு மையம் அதற்கு மேல் 60. 42-ஐ 60-ஆல் வகுத்தால் 0.7. கோணம் 35 டிகிரி. அச்சு தன் தடுப்பில் முட்டிக்கொண்ட பிறகு முன்சக்கரமும் தாங்க வரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் உடல் வேகம் எடுத்துவிடுகிறது. அந்தத் தாங்கலை நம்பி யாரும் ஓட்ட முடியாது.

ஆக, டிராக்டரின் கையிருப்பு 35 டிகிரி. இது வண்டி அசையாமல், டயரில் காற்று சரியாக, ஆள் யாரும் ஏறாமல், மண் இறுகி நிற்கும்போது உள்ள தொகை. வயலில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை.

கையிருப்பைச் செலவழிப்பவர்கள்

முதல் செலவாளி பள்ளம். மேட்டுப்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல்லில் ஏறினால், 140 சென்டிமீட்டர் அகல வண்டி 6 டிகிரி கூடுதலாகச் சாயும். அதே நேரத்தில் தாழ்ந்த பக்கச் சக்கரம் அரையடி ஆழ வண்டித்தடத்தில் இறங்கினால் இன்னொரு 6. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குச் சரிவு அப்படியேதான் இருக்கிறது. வண்டிக்கு மட்டும் 12 டிகிரி போய்விட்டது. கண்மாய்க் கரையின் பக்கச் சரிவு இரண்டுக்கு ஒன்று என்றால் அது ஏறத்தாழ 27 டிகிரி. அதில் குறுக்கே ஓட்டுபவருக்கு மிச்சம் 8. ஒரு கல்லும் ஒரு பள்ளமும் சேர்ந்து வந்தால் அந்த எட்டு போதாது.

இரண்டாவது, டயர். தாழ்ந்த பக்கத்து டயருக்குத்தான் எடை அதிகம் போகிறது. காற்றுக் குறைந்த டயர் 3 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒரு டிகிரிக்கு மேல் போகும். மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். குழுமத்து ஆலை சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்கும் டயர் செய்கிறது. அங்கிருந்து எவ்வளவு நல்ல டயர் வந்தாலும், வரப்பு ஓரத்தில் காற்றைத் தட்டிப் பார்க்க வேண்டியது ஓட்டுநரின் பூட்ஸ் கால்தான்.

மூன்றாவது, மட்கார்டில் உட்காரும் ஆட்கள். இருவர் சேர்ந்து 130 கிலோ. உட்காரும் இடம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். இருவரும் தாழ்ந்த பக்கம் உட்கார்ந்தால் 35 டிகிரி 31 ஆகிவிடுகிறது. மேட்டுப்பக்கம் உட்கார்ந்தால் எடை அந்தப் பக்கம் நகர்வது உதவும். ஆனால் உயரம் கூடியது அந்த உதவியில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஓட்டுநரின் அனிச்சை அசைவு. கரையில் டிராக்டர் சாயும்போது சீட்டிலிருந்து எழுந்து மேட்டுப்பக்கம் உடலைத் தள்ளிச் சாய்ந்து ஓட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கால் ஃபுட்போர்டில், மற்ற கால் அந்தரத்தில். பார்க்கச் சர்க்கஸ்போல இருக்கும். 65 கிலோ ஆள் 40 சென்டிமீட்டர் நகர்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் நகரும். கிடைக்கும் லாபம் ஒரு டிகிரிகூட இல்லை. அந்த ஒரு டிகிரிக்காக அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறார்.

நான்காவதும் மிகப் பெரியதுமான செலவாளி, வேகத்தோடு திருப்புவது. திருப்பத்தில் வெளிப்பக்கம் தள்ளும் விசையையும் டிகிரியில் எழுதலாம். 5 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பினால், அது வண்டியை 7 டிகிரி சாய்த்து நிறுத்தியதற்குச் சமம். அதே திருப்பத்தை 18 கிலோமீட்டரில் எடுத்தால் 27 டிகிரிக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. சமதரையில் 27 போனாலும் 8 மிச்சம், தப்பிவிடலாம். 10 டிகிரி சரிவில் மேட்டை நோக்கி அதே திருப்பம் என்றால் கணக்கு 37; கையிருப்பைத் தாண்டிவிட்டது. 18 கிலோமீட்டர் என்பது சைக்கிள்காரர் முந்திவிடும் வேகம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். மண் அவ்வளவு பிடிமானம் தராதே, வண்டி கவிழும் முன் சறுக்கிவிடாதா? சறுக்கும். ஈரமான கரிசலில் 35 டிகிரி வருவதற்கு வெகு முன்னாலேயே டயர் வழுக்கும். பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் மழைக்காலத்தில் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை. சறுக்குவது சில நேரம் காப்பாற்றவும் செய்கிறது, ஏனென்றால் வண்டி புரளாமல் கீழே இறங்கி நின்றுவிடுகிறது. ஆனால் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கும் டயர் ஒரு வரப்பிலோ மதகுக் கல்லிலோ முட்டினால் கதை மாறும். கீழே நின்றுபோகும், மேலே போய்க்கொண்டே இருக்கும். கால் தடுக்கியவன் குப்புற விழுவதுபோல வண்டி விழும். தரிசில் சறுக்கல் காவல். வரப்புகள் நெருங்கிய நஞ்சையில் அதுவே கண்ணி.

ஐந்தாவது, கரை விளிம்பு. இது கணக்கையே கலைத்துவிடும். மற்றதெல்லாம் இருக்கும் சரிவின் மேல் நடப்பவை. இங்கே சரிவே வண்டியின் எடையால் புதிதாக உண்டாகிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டுச் சில நாளான பிறகு கரை உள்ளே ஊறியிருக்கும், மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். பண்ணைப் பாதுகாப்பு பற்றி எழுதியவர்கள் பல நாடுகளில் சொல்லிவரும் எளிய விதி ஒன்று உண்டு. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, விளிம்பிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி ஓட்டு. ஓராள் ஆழ வாய்க்கால் என்றால் ஓராள் நீளம் தள்ளி. நம் கரைகளில் பலவற்றில் அவ்வளவு அகலமே இல்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட கரை டிராக்டர் போகும் பாதை இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

வைக்கோல், தண்ணீர், தேர்

இதுவரை சொன்னது வெறும் டிராக்டர். பின்னால் டிரெய்லர் பூட்டினால் கேள்வி இரண்டாகிறது.

அறுவடை முடிந்த நாட்களில் மேலூர்ச் சாலையில் வைக்கோல் ஏற்றிய டிரெய்லரைப் பின்தொடர்ந்து போனவர்கள் கண்டிருப்பார்கள். டிரெய்லர் தெரியாது, சக்கரம் தெரியாது, ஒரு வைக்கோல் போர் தானாக ஊர்ந்து போவதுபோல் இருக்கும். மேலே கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஆள் குப்புறப் படுத்திருப்பார். இதற்கும் கணக்கு உண்டு. டிரெய்லரின் சக்கர அகலம் 150 சென்டிமீட்டர், வெற்று எடை ஒரு டன், தளம் ஒரு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை டன் செங்கல் ஏற்றினால் தளத்தின் மேல் ஓரடி உயரத்துக்குள் அடங்கிவிடும். விழும் கோணம் 36 டிகிரிக்கு மேல். அதே ஒன்றரை டன் வைக்கோல் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு எழும், கோணம் 24. எடை ஒன்றுதான், 12 டிகிரி காணோம்.

மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அளவு மீறினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அவர் பார்த்தது அச்சின் எல்லையை. வைக்கோல் வண்டிக்கு அச்சு முறிவதற்கு வெகு முன்னாலேயே இன்னொரு எல்லை வந்துவிடுகிறது. லேசான பாரம் என்பதாலேயே உயரமாக அடுக்குகிறோம். உயரமாக அடுக்குவதால் சாய்கிறது.

டிரெய்லரில் இன்னொரு சிக்கல், ஓட்டுநருக்குச் சேதி வராது. டிராக்டர் சாய்ந்தால் அவர் இடுப்புக்குத் தெரியும். டிரெய்லர் ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் கொக்கி இணைப்பு அந்தத் திருகலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. இணைப்பு நன்றாகச் சுழன்று கொடுத்தால் டிரெய்லர் மட்டும் விழும். இறுகிக்கொண்டால் டிராக்டரையும் திருகிப் போடும்.

அடுத்தது, நகரத் தெருக்களிலேயே ஓடும் தண்ணீர் டேங்கர். பாதித் தொட்டி தண்ணீர் என்றால் பாரம் அடியில் கிடக்கும், ஆபத்துக் குறைவு என்று நினைப்போம். உருளைத் தொட்டியில் அது பலிக்காது. வண்டி சாய்ந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஒதுங்கிச் சமமட்டத்தைத் தேடும். உருளைச் சுவரில் நீரின் அழுத்தம் எந்த இடத்திலும் உருளையின் மையத்திலிருந்து நேர் வெளிநோக்கியே இருப்பதால், பாதித் தண்ணீரும் தொட்டியின் நடுவிலிருந்து தொங்கும் குண்டுபோல வேலை செய்யும். எடை பாதியானாலும் அது நிற்கும் உயரம் தாழ்ந்ததாகக் கணக்கில் வராது. அதற்கு மேல் திருப்பத்தில் அலை வேறு. அது முதலில் இந்தப் பக்கம் மோதி, ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் மோதும். உள்ளே தடுப்புத் தகடு வைப்பது இந்த அலையை உடைக்கத்தான். ஆபத்தான திரவம் கொண்டுபோகும் டேங்கர்களுக்கான ஐ.நா. விதிமுறை, முழுப் பாரத்தோடு 23 டிகிரி சாய்த்தாலும் விழக்கூடாது என்கிறது.

உயரமெல்லாம் ஆபத்து என்று முடிவுகட்டும் முன் மாசி வீதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கும் சுந்தரேசுவரருக்கும் தனித்தனித் தேர்கள் அந்த நான்கு வீதிகளைச் சுற்றி வருகின்றன. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. இந்த உயரத்துக்குத் தேர் விழாமல் வருவதன் ரகசியம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. சிற்பம் செதுக்கிய கனத்த மரமெல்லாம் அடியில். மேலே எழுவது மூங்கிலும் சட்டமும் சீலையும் தொம்பையும். கண் பார்க்கும் உயரம் வேறு, எடை நிற்கும் உயரம் வேறு. வைக்கோல் போரும் தேரும் தூரத்தில் ஒரே உருவமாகத் தெரியலாம். தூக்குக்குண்டுக்கு அவை எதிரெதிர். தேரின் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் வேகத்தையும் திசையையும் அங்குலம் அங்குலமாகக் கட்டுப்படுத்துகிறார்கள். அப்படியும் 2022 ஜூனில் தருமபுரி மாவட்டத்திலும் ஜூலையில் புதுக்கோட்டையிலும் தேர்கள் சாய்ந்தன. நூற்றாண்டுகளின் கைப்பழக்கமும் தரையையும் அச்சையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும்.

சாய்மேடைக்காரர்கள் எங்கே நிறுத்துகிறார்கள்

வண்டியை ஒரு மேடையில் நிறுத்தி, மேடையை ஒரு பக்கம் மெல்ல உயர்த்தி, மேட்டுப்பக்கச் சக்கரம் தரையை விடும் கோணத்தைக் குறிப்பது பழைய சோதனை. லண்டன் மாடிப் பேருந்துகளுக்கு, மேல்தளத்தில் ஆட்களுக்கு ஈடான எடையை ஏற்றிக் கீழ்த்தளத்தைக் காலியாக விட்டு 28 டிகிரி வரை சாய்க்கிறார்கள். மாடிப் பேருந்து அவ்வளவு சாய்ந்து நிற்கும் பழைய படத்தைப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். பேருந்துக்கு ஒன்றும் ஆவதில்லை. எந்திரமும் அடிச்சட்டமும் தாழ நிற்கின்றன.

சாய்மேடை சொல்வது அசையாத வண்டியின் கதை. ஜீப்பில் ஸ்பிரிங் அமுங்கி உடல் வெளிப்பக்கம் சாய்வதால் குண்டு மேலும் நகரும். அதனால் அமெரிக்க அமைப்பு 2004 மாடல் வண்டிகளிலிருந்து ஓட்டிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துக்கொண்டது. டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அதனால் ஜீப் சாய்ந்து கொடுத்து எச்சரிக்கும். டிராக்டர் கடைசிவரை நிமிர்ந்தாற்போலவே இருந்துவிட்டு ஒரேயடியாகப் போகும்.

மிகப் பயனுள்ள எண் ராணுவத்திலிருந்து கிடைக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டி வழக்கத்துக்கு மாறான அகலமும் தாழ்வும் உடையது. அதன் தூக்குக்குண்டுக் கணக்கு 40 டிகிரிக்கு மேல் போகும். ஆனால் பக்கச் சரிவில் ஓட்டுவதற்கு அதற்கு வகுத்த எல்லை 40 சதவீதச் சரிவு, அதாவது 22 டிகிரிக்கும் குறைவு. கையிருப்பில் பாதியை அவர்கள் கல்லுக்கும் பள்ளத்துக்கும் பதற்றத்துக்கும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டார்கள்.

நம் ஊர் ஜீப் விளம்பரத் தாள்களில் முன்பக்கம் எத்தனை டிகிரி மேட்டில் முட்டாமல் ஏறலாம், பின்பக்கம் எத்தனை டிகிரியில் தட்டாமல் இறங்கலாம் என்று பெருமையாக அச்சடிக்கிறார்கள். பக்கவாட்டு எண் பெரும்பாலும் இருக்காது. முன்னும் பின்னும் உள்ள எண்கள் வண்டியின் உருவத்தைச் சொல்பவை. தப்பினால் பம்பர் உரசும். பக்கவாட்டு எண் பாரத்தையும் வேகத்தையும் மண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டியது. தப்பினால் உயிர் போகும். அதை அச்சடிக்கத் தயங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கூட்டலாம், குறைக்கலாம்

கையிருப்பை உயர்த்த வழி உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரத் தட்டைத் திருப்பிப் பூட்டினால் சக்கர அகலம் கூடும். 20 சென்டிமீட்டர் கூட்டினால் நம் கணக்கு டிராக்டரின் 35 டிகிரி ஏறத்தாழ 39 ஆகிறது. பின் டயர்களில் தண்ணீர் ஏற்றுவது இழுவைக்காகச் செய்யும் பழைய வேலை. அது தாழ்ந்த இடத்தில் எடை சேர்ப்பதால் இன்னொரு 2 டிகிரி இலவசமாகத் தரும். ரோட்டவேட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் போகாமல், தரையை உரசாத அளவுக்கு இறக்கி வைத்துப் போவதும் லாபமே. சாயத் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கைப் பள்ளத்தை நோக்கி ஒடிக்க வேண்டும். பயம் மேட்டை நோக்கி ஒடிக்கச் சொல்லும். மேட்டுப்பக்கம் திருப்பினால் திருப்பத்தின் விசையும் சரிவோடு சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் தோற்றால் கடைசிக் காவல், இருக்கைக்குப் பின்னால் எழும் இரும்பு வளைவு. வண்டி புரண்டாலும் ஓட்டுநர் நசுங்காமல் இடம் விட்டு நிறுத்துவது அதன் வேலை. ஸ்வீடன் 1959-இலேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது பின்னர் வெகுவாகக் குறைந்தது. வளைவோடு பெல்ட்டும் வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் வளைவு காக்கும் இடத்திலிருந்து ஆள் வெளியே எறியப்பட்டு அதன் அடியிலேயே போய் விழலாம். நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் வளைவு இல்லை. நிழலுக்குப் போட்ட மெல்லிய தகரக் கூரை உண்டு. அது வெயிலைத் தாங்கும். இரண்டு டன்னைத் தாங்காது.

எத்தனை டிகிரி

கேள்விக்குத் திரும்புவோம். கார் 54, ஜீப் 48, டிராக்டர் 35, வைக்கோல் டிரெய்லர் 24. இவை பொய்யில்லை, ஆனால் இவை மாதச் சம்பளம் போன்றவை. கையில் மிஞ்சுவது வேறு. கல்லுக்கும் தடத்துக்கும் 12, மட்கார்டு ஆட்களுக்கு 4, நிதானமான ஒரு திருப்பத்துக்கு 7 என்று கழித்தால் டிராக்டரின் 35-இல் மிச்சம் 12. இந்த அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். கழிக்கும் முறை மாறாது. ஹம்வீக்காரர்கள் பாதியில் நிறுத்தியதும் இதே கழித்தலால்தான். குறுக்குச் சரிவு 12 டிகிரியைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ ஐந்தடி போவதற்குள் ஓரடி இறங்கினால், குறுக்கே ஓட்டுவதை விட்டு நேராக ஏறி நேராக இறங்குவது பற்றி யோசிக்க வேண்டும். நேர் ஏற்றத்துக்கும் தனி ஆபத்து உண்டு. பின்சக்கரம் சேற்றில் பூட்டிக்கொண்டு முன்பக்கம் எழும்பினால், மீள முடியாத நிலைக்குப் போக முக்கால் நொடி போதும் என்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு முழ நூல், ஒரு நட்டு, மட்கார்டின் பின்முகத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு. ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் நடுவிலிருந்து இருபுறமும் போட்டால், நூல் அதைத் தொடும்போது 11 டிகிரி. கைப்பழக்கம் உள்ளவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர்கள் இடுப்பு நூலைவிட நுணுக்கமானது என்பதும் மெய்தான். ஆனால் அந்த இடுப்புக்கு நேற்றைய பாரம்தான் பழக்கம். இன்று டயரில் காற்றுக் குறைந்ததும், மட்கார்டில் மச்சான் ஏறியதும், நேற்று இரவு மடை திறந்து கரை ஊறியதும் அதற்குத் தெரியாது. நூலுக்கும் தெரியாது. ஆனால் நூல் கோட்டைத் தொட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். நிறுத்தியபின் கீழே இறங்கிக் கரையை மிதித்துப் பார்ப்பார். அந்த நாலு எட்டு நடைதான் 35-க்கும் 12-க்கும் இடையில் போனதையெல்லாம் கண்ணுக்குக் காட்டும்.